ஆப்பிள் வாத்தியார் வரையாத களி

பென்னாகரத்தில் அருள்நாதன் என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆப்பிள் வாத்தியார் என்று கேட்டால் வாசலிலேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். டிராயிங் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா சொல்லக்கூடாது, பழம் வரைவதில் மனுசன் கெட்டிக்காரர். பஸ் ஸ்டாண்டில் ஆப்பிளும் திராட்சையும் வாங்கிவந்து சன்னலோரம் வெள்ளைத் துணிமேல் பரப்பிவிட்டாரென்றால், படம் முடிகிறவரை வீட்டில் ஒருவரும் தொடக்கூடாது. மகன் மரிய ஆனந்த் சின்ன வயதில் அழுது புரண்டாலும் கிடையாது. படம் முடிவதற்குள் திராட்சையில் ஈ மொய்த்துவிடும். ஆப்பிளின் தோலில் இருக்கும் சின்னப் புள்ளியைக்கூட விடமாட்டார். முதலில் பார்க்கப் பழகுங்கடா, கை தானாக வரையும் என்று வகுப்பில் கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும்.

அவர் மனைவி ராஜமேரி தினமும் ராகிக் களி கிண்டுவாள். கொதிக்கக் கொதிக்கத் தட்டில் போட்டு, தண்ணீரில் கை நனைத்து உருட்டி, மேலே விரலால் அழுத்திக் குழி பண்ணி, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றித் தருவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள், சமையலறைச் சுவரில் மாட்ட இதையும் ஒரு படம் போட்டுத் தரச் சொன்னாள். அவளாக ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

"களியப் போயி எவனாச்சும் வரைவானா? ஒரு உருண்டை, ஒரு குழி. அதுல பாக்கறதுக்கு என்ன இருக்குது?"

சொல்லிவிட்டுச் சிரிக்க வேறு செய்தார். அவள் மறுபடி கேட்கவில்லை. களி மட்டும் தவறாமல் வந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டே சாப்பிட்டு எழுந்தார்.

போன மழைக்காலத்தில் ராஜமேரிக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. அடுப்படி மருமகள் பிளசி கைக்குப் போனது. தங்கமான பெண். ஆனால் சுடுமென்று பயந்து கரண்டி முதுகால்தான் அழுத்துவாள். குழி நட்டநடுவில் வட்டமாக விழும். முதல்நாள் அந்தத் தட்டு முன்னால் வந்ததும் அருள்நாதனுக்குத் திக்கென்றது. ராஜமேரியின் குழி இப்படி இருக்காது. ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், விளிம்பில் விரல்தடம் தெரியும், குழம்பு அந்த வழியாக இறங்கும். அதுவரைக்கும் ஞாபகம் வந்தது. எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கும்? எத்தனை விரல் பதிந்திருக்கும்? அங்கேதான் மனுசன் முழித்தார்.

அதன்பிறகு சன்னலோரம் ஆப்பிள் போய்க் களித்தட்டு வந்தது. பிளசி கிண்டிய களியை வைத்துக்கொண்டு வரைந்தார், கிழித்தார், திரும்ப வரைந்தார். ஈரக்கை பட்ட இடத்தின் மினுமினுப்பு, மாவுக்குள் தெரியும் செம்புள்ளிகள், குழியோரம் தேங்கிய எண்ணெய், எல்லாம் அப்போதுதான் கண்ணில் பட்டன. இத்தனை அழகை முன்னால் வைத்துக்கொண்டா பேப்பர் படித்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டார். குழியைமட்டும் கடைசியில் ராஜமேரி போடுகிற மாதிரி குத்துமதிப்பாகப் போட்டு, படத்தை எடுத்துப்போய் அவளிடம் காட்டினார்.

ராஜமேரி கட்டிலில் சாய்ந்தபடி வெகுநேரம் பார்த்தாள். வாய் லேசாகக் கோணினாலும் பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"நல்லாருக்குதுங்க. பிளசி கிண்டுன களிதானே?"

உன்னுடையதைத்தான் போட நினைத்தேன், வரவில்லை என்று ஒப்புக்கொண்டார். பிறகு தட்டையே கொண்டுவந்து அவள் மடியில் வைத்து, ஒரே ஒரு தடவை குழி போட்டுக் காட்டும்படி கெஞ்சினார். அவள் இடது கையால் வலது கையைத் தூக்கிக் களிமேல் வைத்தாள். விரல்கள் வைத்தபடியே கிடந்தன. எடுத்துப் பார்த்தால், ஆறித் தோல் கட்டியிருந்த களியில் ஒரு தடமும் இல்லை.

வாயால் சொன்னாலும் போதும், வரைந்துவிடுகிறேன் என்றார் அவர்.

"நான் எங்கீங்க பாத்தேன், கை அதும்பாட்டுக்குப் போட்டுச்சு," என்றாள் ராஜமேரி. "தெனமும் உங்க தட்டுலதானே இருந்துச்சு."