கூடை பின்னச் சொன்ன அதிகாரி

அறுபதுகளில் மாத்தளையில், பள்ளிப்படிப்பை முடித்த ஊனமுற்ற பிள்ளைகளுக்கு வேலை தேடித் தர ஓர் அதிகாரி இருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளைக் கால்சட்டையும் சட்டையும் போட்டிருப்பார். யாருடைய ஊனத்தைப் பார்த்தாலும் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார். துடைத்து முடித்ததும் கூடை பின்னச் சொல்லுவார். கண் தெரியாதவருக்கும் கூடை, காது கேளாதவருக்கும் கூடை.

இளம்பிள்ளை வாதத்தில் சூம்பிய என் காலைப் பார்த்தும் அழுதார்.

"நான் டைப்பிங் பாஸ் பண்ணிருக்கேன், சேர்" என்றேன்.

"அதெல்லாம் எதுக்கு மகள்? கூடை பின்னுங்க."

நானே கடை கடையாக ஏறி இறங்கி, ஒரு மிளகு வியாபாரியிடம் தட்டச்சு வேலை பிடித்தேன். அடுத்த வருஷம் அந்த அதிகாரி, கொழும்பிலிருந்து வந்த பெரிய மனிதர்களை எங்கள் கடைக்கு அழைத்து வந்தார்.

"இந்தப் புள்ளைக்கு நாந்தான் வேல எடுத்துக் கொடுத்தேன்" என்று என்னைக் காட்டினார்.

"நீங்க கூடைதானே பின்னச் சொன்னீங்க, சேர்?" என்றேன்.

அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "அந்தக் கோவத்துலதானே மகள், நீங்க இந்த வேலையத் தேடிக்கிட்டீங்க?"

வந்தவர்கள் மெச்சித் தலையாட்டினார்கள். வாழ்க்கையில் எத்தனையோ பேரைத் திட்டியிருக்கிறேன். அவருக்குப் பொருத்தமான வசவு மட்டும் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.