கம்ப்யூட்டருக்கும் ஒரு சிவப்பு அட்டை

போன வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, ஓசூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது.

என் கணவருக்கு இங்கே ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அங்கே வேண்டாத சாமான் எது என்று பார்த்து, சிவப்பு அட்டை கட்டி ஓரங்கட்டுவார்கள். ரொம்ப நாளாகக் கை படாத பொருள் வேண்டாத பொருள் என்பது சட்டம். அந்தச் சட்டத்தைக் கம்பெனி கேட்டோடு விட்டுவிட்டு வந்தால் தேவலை. மனிதர் வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். ஒருநாள் என் இட்லிக் குண்டானில் சிவப்பு அட்டை தொங்கியது. "எப்பவும் குக்கர்லதான ஊத்தற, இது எதுக்கு?" என்றார். அட்டையைக் கழற்றி அவர் சட்டைப் பையிலேயே செருகினேன்.

பர்கூரில் இன்ஜினியரிங் படிக்கும் மகள் அப்போது லீவுக்கு வந்திருந்தாள். படம் வரைகிற ஏதோ சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டுமாம். வீட்டுக் கம்ப்யூட்டரில் இடமே இல்லை. எப்படி இருக்கும்? மூன்று பேர் போனிலிருந்தும் கொட்டி வைத்ததெல்லாம் அதில்தான். குட் மார்னிங் பூக்களே தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று மூன்று பாஷையில் கிடந்தன. "பூஜைக்கு வெளிய தொடைச்சா மட்டும் போதாது, உள்ளயும் கிளீன் பண்ணணும்" என்று கணவர் உட்கார்ந்துவிட்டார். நான் சமையலறைப் பரணோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

மதியம் மார்பை நிமிர்த்திக்கொண்டு வந்து நின்றார். "பாதி டிஸ்க் காலி! ரெண்டு வருசமா தொறக்காத ஃபோல்டர் ஒண்ணையும் விடல. ரீசைக்கிள் பின்னுக்குக்கூட அனுப்பாம அடியோட தூக்கிட்டன்."

நான் பரணை விட்டு இறங்கினேன். "ஏங்க, நியூ ஃபோல்டர்னு ஒண்ணு இருந்துச்சே?"

"பேருகூட வெக்காத ஃபோல்டரு. அத யாரு தேடப் போறாங்க?"

நான்தான். சூளகிரிப் பக்கம் ஹைவேயில் நடந்த விபத்தில் போய்விட்ட என் தம்பியின் வீடியோக்கள் அதில் இருந்தன. அவன் செல்லிலிருந்து ஏற்றிய அன்று, ஃபோல்டருக்கு அவன் பெயரை டைப் பண்ணக் கை வரவில்லை. அப்படியே விட்டேன். அதற்குப் பிறகு ஒரு தடவைகூடத் திறந்ததில்லை, தைரியமில்லை. அங்கே இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது. அந்தச் செல்லும் பிறகு கெட்டுப்போனது. வேறு காப்பி கிடையாது.

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு மிக்சி நின்றுபோனது. மகள்தான் ஓடிவந்து கம்ப்யூட்டரை அணைத்தாள். புதிதாக எதுவும் ஏறினால் பழையது திரும்பி வராதாம்.

ராயக்கோட்டை சாலையில் இருக்கும் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு அதைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அதை நடத்தும் கன்னடக்கார அம்மா பூஜைக்காகக் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். எங்களை முன்பின் பார்த்ததில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்ப பொறுங்க மேடம், ட்ரை பண்றேன்" என்று துடைப்பத்தைக் கீழே போட்டார்.

மறுநாள் போன் வந்தது; நானும் கணவரும் கடைக்குப் போனோம். ஃபைல்கள் திரும்பிவிட்டன, ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாம் வெறும் நம்பர்கள். "எது உங்களுதுன்னு நீங்களே தொறந்து பாத்து சொல்லணும் மேடம். வேற வழியில்ல" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

என்ன கொடுமை பாருங்கள்! எதைத் திறக்கவே பயந்தேனோ, அதைத் தேடி ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டியதாயிற்று. யார் வீட்டுக் காதுகுத்தோ, கம்பெனி விளையாட்டு விழா, தாமரைப் பூவின் மேல் 'சுபோதயம்' என்று தெலுங்கு குட் மார்னிங். அழிய வேண்டிய குப்பை ஒன்று பாக்கியில்லாமல் பிழைத்து வந்திருந்தது. எனக்குப் பொறுமை போய்க்கொண்டே இருந்தது.

அடுத்ததைத் திறந்தேன். எங்கள் வீட்டில் பால் காய்ச்சிய நாள். புது அடுப்பில் பால் பொங்குகிறது. செலவுக் கவலையில் நான் உர்ரென்று நிற்கிறேன். படம் எடுக்கும் அவன் குரல் மட்டும் கேட்கிறது: "பால் பொங்கிடுச்சுக்கா, இப்பவாச்சும் சிரிச்சுத் தொலையேன்!"

நான் அந்தக் கடையிலேயே சிரித்துவிட்டேன். அது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. கடைக்கார அம்மா ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, வாசலில் போய் நின்றுகொண்டார். என் பின்னால் கணவர் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

திரும்பி வந்த எதையும் அழிக்க நான் விடவில்லை; கம்ப்யூட்டரில் இன்றைக்கும் இடமில்லை. மகள் ஹாஸ்டல் தோழியின் லேப்டாப்பில் வேலையை முடித்துக்கொண்டாள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்காக என் கணவரை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை. ஆனால் அவர் அழித்திருக்காவிட்டால், என் தம்பி கேட்ட அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை அவனுக்குக் கொடுத்திருக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரியும்.