வெள்ளிக்கிழமைப் பால்

மந்தைவெளியில் ஒரு வீட்டு மொட்டை மாடியில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் எட்டு மாதம் இருந்தேன். தொண்ணூறுகளின் நடுவில் இருக்கும். அதற்கு முன்னால் நெல்லூரில் ஓட்டலில் தட்டு கழுவினேன், அதற்கும் முன்னால் லாரியில் கிளீனர். ஏழாவதோடு படிப்பு நின்றுபோனதால் எந்த வேலையும் எனக்கு நிரந்தரமாகத் தோன்றவில்லை. மந்தைவெளியில் கிடைத்தது சைக்கிளில் பால் பாக்கெட் போடும் வேலை. காலை ஏழரைக்குள் முடிந்துவிடும். மிச்சப் பொழுதுக்கு என்னிடம் செய்வதற்கு ஒன்றுமில்லை. அப்படித்தான் கீழ்வீட்டுக் குழந்தையின் வயிற்றைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன்.

முதல் மாடியில் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதி குடியிருந்தார்கள். அவர் தி. நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸ்மேன். காலையில் போனால் கடை சாத்தித்தான் வருவார். அந்தப் பெண்ணும் பதினான்கு மாதப் பெண் குழந்தையும் பகல் முழுக்கத் தனியாக இருப்பார்கள். தரைத்தளத்தில் வீட்டுக்கார அம்மா. அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்தவர், தெருவில் நடக்கும் எதற்கும் அவரிடம் ஒரு காரணம் இருக்கும்.

முதல் பிறந்தநாள் முடிந்து தாய்ப்பாலை நிறுத்தியதும் குழந்தைக்கு நான் போடும் பாக்கெட் பாலைக் காய்ச்சிக் கொடுத்திருக்கிறார்கள். வாயைச் சுற்றித் தடிப்பு, வாந்தி, பிறகு சளியும் ரத்தமுமாக வயிற்றுப்போக்கு. வீட்டுக்கார அம்மா என்னைத்தான் பிடித்தார்.

"இன்னா நைனா, உன் பாக்கெட்டுல இன்னாத்தக் கலக்குறானுங்க? புள்ள கொடியாட்டம் ஆயிட்டுது பாரு."

"நான் போடறவன்மா, கறக்கறவன் இல்ல."

"போடறவனுக்குப் பொறுப்பு கிடையாதா?"

அவரே ஒரு வழியும் சொன்னார். குழந்தைக்கு ஒரு மாட்டுப் பால்தான் கொடுக்க வேண்டும். பல மாட்டுப் பால் கலந்தால் வயிறு குழம்பும். அப்போது பக்கத்துத் தெருவில் ஒருவர் மாட்டை வாசலுக்கே ஓட்டி வந்து, கண் முன்னால் கறந்து கொடுத்துவிட்டுப் போவார். மாடு மாறக் கூடாது என்று அந்தப் பெண் அதன் நெற்றியில் இருந்த வெள்ளைச் சுட்டியை அடையாளம் வைத்துக்கொண்டாள். நானும் நின்று பார்த்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது, நுரையோடு சூடான பால். குழந்தைக்கு முன்னைவிட மோசமாகப் போனது. யாரோ சொல்லி நான்கு நாள் ஆட்டுப் பால். அதுவும் அப்படியே.

டாக்டரிடம் போன அன்று கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான்தான் பையைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன். டாக்டர் அம்மா என்னைப் பார்த்து, "நீங்க அப்பாவா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, பால் போடறவன்."

"அப்ப நல்லதா ஒரு சேதி சொல்றேன். இந்த வீட்டுக்கு இனிமே போடாதீங்க."

பாலில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டேன். எதுவும் கலக்கவில்லை, பாலேதான் காரணம் என்றார். பாலில் உள்ள புரதத்தைச் சில குழந்தைகளின் உடம்பு எதிரி என்று நினைத்துச் சண்டை போடும். சுத்தமான பால் என்றால் சண்டையும் சுத்தமாக நடக்கும். ஆட்டுப் பாலிலும் கிட்டத்தட்ட அதே சரக்குதான். தயிர், மோர், பால் பிஸ்கட் எதுவும் கூடாது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வளர வளரச் சரியாகிவிடும். அதுவரை சோயா மாவு டின், கேழ்வரகுப் பால், பருப்பு, முட்டை. குழந்தை ஏழரைக் கிலோதான் இருந்தது. ஆறு வாரத்தில் எடை ஏறாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்.

எனக்கு அது பெரிய ஆச்சரியம். பால் கெட்டுப்போகும், திரியும், தண்ணீர் கலக்கும் என்பதெல்லாம் தெரியும். நல்ல பால் ஆகாது என்பதை அதுவரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

கணவரும் வேறொரு கெடு வைத்தார். எடை ஏறாவிட்டால் குழந்தையை ஊரில் தன் அம்மாவிடம் விட்டுவிடலாம் என்றார். இதை என்னிடம் சொல்லும்போது அந்தப் பெண் மாடிப்படியில் உட்கார்ந்து கேழ்வரகு களைந்துகொண்டிருந்தாள்.

"அங்க வீட்டுலயே ரெண்டு மாடு நிக்கிது அண்ணே. பால் ஆகாதுன்னு சொன்னா சிரிப்பாக. எனக்குத் தெரியாமலே ஊட்டிருவாக. பிள்ள தங்காது."

அந்த வாரங்களில் கேழ்வரகுப் பால் எடுப்பதில் நானும் கைதேர்ந்தவன் ஆனேன். ஊறவைத்து முளைகட்டி அரைத்து, பழைய வேட்டித் துணியில் பிழிந்தால் சாம்பல் நிறத்தில் ஒன்று வரும். அதைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சும்போது கிண்டாமல் விட்டால் கட்டி தட்டிவிடும். குழந்தை முதலில் துப்பியது. மூன்றாம் நாள் டம்ளரைப் பிடித்து இழுத்தது. டின் மாவு விலை அதிகம் என்பதால் அதை ஒரு வேளைக்கு மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

குழந்தை தேறியது. ஆனால் முழுக்கத் தேறவில்லை. நான்கைந்து நாள் நன்றாக இருக்கும், திடீரென்று ஒரு நாள் பழையபடி போகும். மாடியில் துணிக்கொடி என் அறை வாசலில்தான் ஓடியது. குழந்தையின் துணிகளை எண்ணுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. மற்ற நாட்களில் ஐந்து, ஆறு. சனிக்கிழமை காலையில் பதினாலு, பதினைந்து. இரண்டு வாரம் பார்த்துவிட்டு அவளிடம் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை என்ன குடுக்கறீங்க?"

"எப்பவும் குடுக்கறதுதான் அண்ணே. தலைக்கு ஊத்தி விடுவேன், சாம்பிராணி போடுவேன். அம்புட்டுத்தான்."

அந்தப் புகைதான் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. என்னவோ கண்டுபிடித்தவன் மாதிரி வீட்டுக்கார அம்மாவிடமும் போய்ச் சொன்னேன். "எங்கம்மா காலத்துலேர்ந்து போட்டுக்கினு கீறோம். நாங்கல்லாம் செத்தா பூட்டோம்?" என்றார். இருந்தாலும் அடுத்த வெள்ளி சாம்பிராணி போடவில்லை. சனிக்கிழமை கொடியில் பதினாறு துணி. கெடு முடிய மூன்று வாரம்கூட இல்லை.

தெருக்கோடியில் ஒரு சின்ன அம்மன் கோயில். வெள்ளிக்கிழமை அங்கே பாலாபிஷேகம். அதற்கு ஆறு பாக்கெட் அதிகமாகப் போடுவது என் வேலைதான். வழக்கமாக வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவேன். அடுத்த வெள்ளி என் சைக்கிள் பஞ்சராகி, நான் தாமதமாகப் போய்ச் சேரும்போது எல்லோரும் பாலுக்காகக் காத்திருந்தார்கள். பூசாரி என்னைத் திட்டிக்கொண்டே பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடிக்கப் போனார். பிறகு இடம் நினைவு வந்து, கத்தரிக்கோலைத் தேடினார். அபிஷேகம் முடிந்து, வழிந்த பாலைப் பித்தளைச் சொம்பில் பிடித்து, உத்தரணிக் கரண்டியால் வரிசையாகக் கையில் ஊற்றினார். வரிசையில் கீழ்வீட்டுப் பெண் நின்றிருந்தாள். தன் உள்ளங்கையில் வாங்கியதைக் குழந்தையின் வாயில் விட்டாள். குழந்தை சப்புக்கொட்டியது. பூசாரி, "பாப்பாவுக்கு இன்னொரு உத்தரணி" என்று மறுபடி ஊற்றினார்.

வெளியே வந்ததும் கேட்டேன்.

"இதை ஏன் சொல்லல?"

"எத அண்ணே?"

"பால் குடுத்தீங்களே இப்ப."

"அது பால் இல்லையே. அபிஷேகத் தீர்த்தம். பிள்ளைக்கு நல்லாகணும்னுதான ஒரு வாரங்கூட விடாம வாரேன்."

அவள் பொய் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை என்ன கொடுக்கிறாள் என்று நான் கேட்டபோதும் மனசாரத்தான், எப்பவும் கொடுப்பதுதான் என்றாள். அம்மன் மேல் பட்ட பிறகு அது அவள் கணக்கில் பால் இல்லை. நானும் யோசித்துப் பார்த்தேன்: வாராவாரம் நான் கொண்டுவந்து வைத்த அதே பாக்கெட். அவள் வீட்டுக்கு நிறுத்தியதை நானே கோயில் வழியாகக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கும் அது தோன்றவில்லை.

"அம்மன் மேல பட்டுட்டா பால் மாறிடாதா அண்ணே?" என்று கேட்டாள். "அம்மனுக்குத் தெரியும், குழந்தை உடம்புக்குத் தெரியலையே," என்று மட்டும் சொன்னேன். அவள் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு வேகமாகத் திரும்பிப் பூசாரியிடம் போனாள். பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. நான்தான் சொன்னேன்.

பூசாரி கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் குழந்தையின் கன்னத்தைத் தட்டினார்.

"இதுக்குப் போய் ஏம்மா அழுவுற? அடுத்த வாரம் ஒரு எளநீ வாங்கினு வா. முதல்ல அத ஊத்தி, பாப்பாவுக்குக் குடுத்துட்டு, அப்பறமா பால் ஊத்தறேன். அம்மனுக்கு எதுவானா இன்னா?"

அந்தச் சனிக்கிழமை கொடி நிறையத் துணிதான். அதற்கடுத்த சனிக்கிழமை ஆறு. நான் இரண்டு தடவை எண்ணினேன். ஒரே வாரத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பது சாம்பிராணியில் நான் கற்றுக்கொண்டது.

டாக்டரிடம் போக இரண்டு நாள் இருந்தது. அவளால் பொறுக்க முடியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழைய பேப்பர் கடைக்குப் போனோம். கடைக்காரர் தராசுத் தட்டில் சாக்கை விரித்தார்.

"இன்னாம்மா, புள்ளையவே போட வந்துட்டியா? திரும்பக் கேட்டா குடுக்க மாட்டேன்."

"சும்மா இருங்க அண்ணாச்சி, நிறுங்க."

ஒரு பக்கம் எடைக்கல், மறுபக்கம் குழந்தை. ஏழரைக்குக் கல் வைத்தார். குழந்தையின் தட்டு தரையை விட்டு எழும்பவே இல்லை. கால் கிலோ சேர்த்தார். அப்போதும் எழும்பவில்லை. இன்னும் ஒரு நூறு கிராம் வைத்த பிறகுதான் முள் நடுவுக்கு வந்து ஆடியது. குழந்தை எடைக்கல்லைப் பிடிக்கக் கையை நீட்டியது.

"ஆடாத பாப்பா," என்றார் கடைக்காரர்.

"ஆடட்டும் அண்ணாச்சி," என்றாள் அவள்.