ஏலூர் மன்னி ஏறாத கப்பல்

மட்டாஞ்சேரியில் பாக்கியலக்ஷ்மியிடம் எதை வேண்டுமானாலும் இரவல் கேட்கலாம், கொடுப்பாள். அவளை ஒரு சொல் சொல்லத்தான் பயப்படுவார்கள். சொன்னவருக்கு மறந்துபோகும், கேட்டவர்களுக்கும் மறந்துபோகும், பாக்கியத்துக்கு மறக்காது. சொத்தைக் கத்தரிக்காயைத் தலையில் கட்டினான் என்று ஒரு காய்கறிக்காரனை விட்டவள், அவன் மகன் கடைக்கு வந்த பிறகும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. கணவன் வெங்கிடாசலம் கொச்சங்காடியில் ஒரு மிளகுக் கிடங்கில் குமாஸ்தா, பரமசாது. "எங்க கிடங்குல மழைக்காலத்துல சரக்கு பூத்துப்போகும். உன் கிடங்குல ஒண்ணும் பூக்காதாக்கும்" என்று அவளைக் கிண்டல் செய்வான்.

அந்தக் கிடங்கில் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது படகு விஷயம்.

எழுபத்தேழாம் வருஷம், ஓணம் லீவு. வெங்கிடாசலத்தின் அண்ணா கல்யாணராமன் ஏலூரில் உரத் தொழிற்சாலையில் ஆபீசர். குவார்ட்டர்ஸ்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து, ஒரு சனிக்கிழமை காயலைச் சுற்றிப் பார்க்க ஒரு படகு பேசியிருந்தார்கள். "மட்டாஞ்சேரி ஜெட்டியில வந்து நில்லுங்கோ, உங்களையும் கேத்திண்டு போறோம்" என்று அண்ணாவின் மனைவி சீதாலக்ஷ்மிதான் சொன்னாள். பாக்கியத்தின் மகள் ஸ்வர்ணாவுக்கு அப்போது ஐந்து வயது. புதுப் பாவாடையும் தலை நிறைய கனகாம்பரமுமாக, புளியோதரைத் தூக்கைத் தானே சுமப்பேன் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டு நின்றாள். படகு வந்தது. வேகம் குறையவில்லை. சீதாலக்ஷ்மி மன்னி முன்னால் உட்கார்ந்திருந்தது நன்றாகத் தெரிந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டதும் தெரிந்தது. குழந்தை மட்டும், பெரியம்மாவுக்குக் கேட்கவில்லை என்று நினைத்து, படகு கண்ணுக்கு மறைகிறவரை கத்திக் கூப்பிட்டாள்.

ஒரு வாரம் கழித்து மன்னி காரணம் சொன்னாள். "மட்டாஞ்சேரி எத்தறச்சே ராகுகாலம் தொடங்கியாச்சு, கேட்டயா. ராகுகாலத்துல ஆளைக் கேத்தப்படாது. முன்னாடியே கேறினவாளுக்கும் அது தோஷம்."

ராகுகாலம் என்றால் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது. பால்காரன் ராகுகாலத்தில் வந்தால் பாலோடு வாசலில் நிற்க வேண்டும். எல்லோரும் தலையை ஆட்டினார்கள், வெங்கிடாசலம் உட்பட. பாக்கியம் மட்டும், தன் கையில் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். அன்றைக்கு அவள் வயிறு எரிந்த எரிச்சலில் ஒரு சட்டி சாம்பாரைக் கொதிக்க வைத்திருக்கலாம்.

அதன் பிறகு அவள் மன்னியோடு சண்டை போடவில்லை. நாளுக்கும் கிழமைக்கும் போனாள், வந்தாள், மன்னியின் கைமுறுக்கைப் புகழ்ந்தாள். கறுவிக்கொண்டிருப்பவள் கத்தமாட்டாள். ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று காத்திருந்தாள்.

பூனைக்கு எண்பத்துநாலில் காலம் வந்தது. தீவுகளுக்குப் போகிற கப்பலில் சுற்றுலாக்காரர்களை ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். கப்பல் கம்பெனி ஆபீஸில் வெங்கிடாசலத்துக்கு ஒரு சிநேகிதன் இருந்தான். மே மாத லீவில் பெண்ணையும் பையன் பிச்சுமணியையும் கூட்டிப் போக ஏற்பாடு செய்தான். ஸ்வர்ணாவுக்குப் பன்னிரண்டு வயது. கப்பல் அறையில் வட்ட ஜன்னல் இருக்கும், அதை ஒட்டிய படுக்கை தனக்கு என்று அன்றே சொல்லி வைத்துவிட்டாள். படுத்தபடியே கடலைப் பார்த்துக்கொண்டு போக வேண்டும் அவளுக்கு.

"மன்னியையும் குழந்தைகளையும் கூட்டிண்டு போலாமேன்னா" என்றாள் பாக்கியம்.

வெங்கிடாசலத்துக்குக் கண் கலங்கிவிட்டது. பெண்டாட்டி மனசு மாறிவிட்டாள் என்று நினைத்தான், பாவம். அண்ணாவுக்கு ஷிப்ட், லீவு கிடைக்காது. மன்னியும், பத்து வயசு கோபுவும், ஆறு வயசு குஞ்சுவும் வருவதாக ஏற்பாடாயிற்று.

மன்னி முதலில் கேட்டது, "வெள்ளிக்கிழமையா? பத்தரை தொட்டு பன்னண்டு ராகுகாலமாச்சே?"

"கப்பல் விடறது ரெண்டு மணிக்காக்கும் மன்னி" என்றாள் பாக்கியம்.

அதில் பொய் ஒன்றுமில்லை. வார்ஃப் கேட்டைப் பன்னிரண்டு மணிக்கே அடைத்துவிடுவார்கள் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுகிற மாதிரி ஏற்றிவிட்டு, மன்னியிடம் தட்டை வாங்கித் தின்றுவிட்டு வந்தாள்.

ராகுகாலத்துக்குப் பரிகாரம் உண்டு, அதைப் பரஸ்தானம் என்பார்கள். நல்ல நேரத்தில் ஒரு பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டு வைத்துவிட்டால் பிரயாணம் அப்போதே தொடங்கியதாகக் கணக்கு. பிறகு எந்த நேரத்தில் போனாலும் தோஷமில்லை. வியாழக்கிழமை காலையில் பாக்கியம் எதிர்வீட்டுக் கமலாக்ஷி மாமியிடம் ஒரு பையைக் கொண்டு வைத்தாள். ஏலூர் மன்னிக்கு அதை நினைவூட்ட அவளுக்கு வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் நினைத்ததற்கு மேலேயே நடந்தது. மன்னி முன்கூட்டியே புறப்பட்டு பதினொன்றரைக்கே வார்ஃபுக்கு வந்துவிட்டாள். ஆனால் கேட்டுக்கு உள்ளே வரவில்லை. கேட்டைத் தாண்டினால் கப்பலில் கால் வைத்த மாதிரி என்று அவளே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, வெளியே ஒரு வாகை மரத்தடியில் பெட்டிமேல் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே பாக்கியமும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே முள்ளைத்தான் பார்த்தார்கள்.

"மன்னியைக் கூப்பிடேன்டீ" என்றான் வெங்கிடாசலம்.

"கூப்பிட்டா வருவாளா? ராகுகாலமாக்கும்."

கேட் கம்பிக்கு அந்தப் பக்கம் குஞ்சு முகத்தைப் பதித்துக்கொண்டு, "சித்தி, கப்பல் போயிடுமோ?" என்று கேட்டாள். பாக்கியம் அவளைப் பார்த்தாள். இரக்கம் வந்தது, உண்மைதான். கூடவே, இதைவிட நல்ல யோசனை ஒன்றும் வந்தது. எது முதலில் வந்தது என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரியாது.

வெளியே போனாள். "குழந்தைகளுக்கு ராகுவாவது கேதுவாவது மன்னி. நான் கேத்திக்கறேன். நீங்க நேரம் பாத்து மெள்ள வாங்கோ."

"நீதான்டீ சமர்த்து" என்று மன்னி அனுப்பிவைத்தாள்.

பன்னிரண்டு மணி சங்கு ஊதியது. சீதாலக்ஷ்மி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிள்ளையாரை வேண்டிக்கொண்டு, வலது காலை எடுத்து வைத்து வந்தாள். காவலாளி அவள் மூக்குக்கு முன்னால் கேட்டை இழுத்து அடைத்தான். கெஞ்சினாள், மலையாளத்தில் திட்டினாள், புருஷன் உத்தியோகத்தைச் சொன்னாள், குழந்தைகளையாவது வெளியே விடச் சொன்னாள். காவலாளி கொட்டாவி விட்டான்.

"பாக்கியம்! நீ ஒண்ணு பறயுடீ!"

பாக்கியம் கம்பியருகே வந்தாள். ஏழு வருஷமாக அவள் மனசில் எத்தனையோ வசனம் எழுதி வைத்திருந்தாள். வந்தது ஒன்றுதான். "ராகுகாலத்துல ஆளைக் கேத்தப்படாதுன்னு காத்துண்டிருந்தேன் மன்னி. அது கழிஞ்சப்போ கேட் அடச்சாச்சு. நான் என்ன செய்ய?"

சீதாலக்ஷ்மிக்குப் புரிந்தது. அவள் முகம் வெளுத்ததைப் பாக்கியம் ஆற அமரப் பார்த்தாள். அந்த ஒரு நிமிஷம் எப்படி இருந்தது என்றால், பெற்ற பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரி இருந்தது.

"அண்ணாகிட்ட நான் என்னன்னு பறயுவேன்?" என்று வெங்கிடாசலம் தலையில் கையை வைத்துக்கொண்டான். பாக்கியம் குஞ்சுவின் கையைப் பிடித்துக்கொண்டு ஏணிப்படியில் ஏறினாள்.

பழி அதோடு முடிந்திருந்தால் நான் இதைச் சொல்லவே வேண்டாம். பாக்கியம் அப்படி அரைகுறையாக விடுகிறவள் அல்ல. இந்த இரண்டு குழந்தைகளும் திரும்பிப் போய், சித்தி மாதிரி நீ இல்லையே என்று தாயிடம் சொல்ல வேண்டும். அதற்காக விழுந்து விழுந்து கவனித்தாள். கோபுவுக்குச் சீடை டப்பாவைத் திறந்தே வைத்தாள். குஞ்சுவுக்குத் தயிர்சாதத்தைக் கையில் உருட்டிப் போட்டாள், சடையை அவிழ்த்து அவிழ்த்துப் பின்னினாள். குஞ்சு முதலில் "அம்மா வரலையா?" என்று அழுதவள், மறுநாளே சித்தி மடியைவிட்டு இறங்கவில்லை.

வட்ட ஜன்னல் படுக்கையைக் குஞ்சு கேட்டாள்.

"குழந்தை ஆசைப்படறாள், குடுத்துடு" என்றாள் பாக்கியம்.

"அது என்னோடதும்மா."

"பெரிய பொண்ணாச்சே நீ. கீழ படுத்தா கப்பல் ஓடாதா?"

ஸ்வர்ணா தலையணையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். திரும்பி வருகிற வழியில் கடல் புரட்டிப் போட்டது. பாக்கியம் குஞ்சுவின் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, எலுமிச்சம்பழத்தை முகர வைத்து, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஸ்வர்ணா மூலையில் வாளியை அணைத்துக்கொண்டு தனியாக வாந்தி எடுத்தாள். தானே வாயைத் துடைத்துக்கொண்டாள். தம்பிக்கும் அவளே துடைத்துவிட்டாள்.

வார்ஃபில் கல்யாணராமனும் சீதாலக்ஷ்மியும் காத்திருந்தார்கள். மன்னி இளைத்திருந்தாள். கோபு ஓடிப் போனான். குஞ்சு போகவில்லை. பாக்கியத்தின் புடவையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "நான் சித்தி ஆத்துக்குப் போறேன்" என்று வீறிட்டாள்.

"விடுடீ குஞ்சு. அம்மாவாக்கும், வா" என்றாள் சீதாலக்ஷ்மி.

பாக்கியம் அந்த விரல்களை விலக்கவில்லை. விலக்கியிருக்கலாம். மன்னி குனிந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கப் பார்ப்பதை நின்று பார்த்தாள். "ஏலூர்வரை வேணா வந்து கொண்டு விடட்டுமா மன்னி?" என்று தேன் குடித்த குரலில் கேட்டாள்.

இந்தக் காட்சியைப் பார்க்க வேண்டியவள் ஒருத்தி உண்டே என்று ஸ்வர்ணாவைத் தேடினாள். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிச்சுமணியின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கருகே போயிருந்தாள்.

"ஸ்வர்ணா, இங்க வாடீ!"

ஸ்வர்ணா நின்றாள். கோபமில்லை, அழவுமில்லை. "நாங்க அப்பாவோட போறோம்மா. நீ அவளைக் கொண்டு விட்டுட்டு வா" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

பாக்கியம் வேகமாக ஓரடி எடுத்து வைத்தாள். குஞ்சு புடவையை விடவில்லை.