ரிங் ரோட்டைத் தாண்டிய கோதுமை

கையில் நைலான் கயிறு, காலில் ஹவாய் செருப்பு, சேலைக்கு மேல் கணவரின் பழைய ஸ்வெட்டர். இந்தக் கோலத்தில் காலை ஆறரை மணிக்கு ரிங் ரோட்டைக் கடக்கும் பெண்ணை மோதி பாக் சிக்னலில் செய்தித்தாள் விற்பவருக்கு நன்றாகத் தெரியும். முதலில் பார்த்தபோது வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள் என்று நினைத்தார். திரும்பி வரும்போது கயிற்றின் மறுமுனையில் ஒரு நாய் இருந்தது. அதற்குப் பிறகு, அவள் கேட்பதற்கு முன்பே நாய் போன திசையைக் கையால் காட்டிவிடுவார்.

அவள் பெயர் இந்திராணி. தென்காசிக்காரி. கல்யாணமாகி டெல்லிக்கு வந்தவள். கணவர் ராஜசேகரன் மத்திய அரசு அமைச்சகம் ஒன்றில் கிளார்க். நாயின் பெயர் கோதுமை. நேதாஜி நகர் ரேஷன் கடை வாசலில் குட்டியாகக் கிடந்தது, நிறமும் அப்படி என்பதால் இந்திராணி வைத்த பெயர். மகள் சுஜாதா அதைக் ‘கோதூ’ என்று சுருக்கிவிட்டாள்.

நேதாஜி நகரில் அவர்களுக்குத் தரைத்தளத்தில் டைப் டூ குவார்ட்டர்ஸ். முன்னால் சின்ன இரும்பு கேட், ஒரு முருங்கை மரம். 1997 செப்டம்பரில் ராஜசேகரனுக்கு டைப் த்ரீ அலாட் ஆனது. ஆர்.கே. புரத்தில் இரண்டாவது மாடி, ஒரு அறை கூடுதல். வருடக் கணக்காகக் காத்திருந்து கிடைத்தது. ஒரே டெம்போவில் சாமான், குடும்பம், நாய் எல்லாம் வந்து இறங்கின. மறுநாள் காலை கோதுமையைக் காணோம். தேடியபோது அது பழைய குவார்ட்டர்ஸ் கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது.

அன்றிலிருந்து இதுதான் கதை. கட்டிப்போட்டால் ஊளையிடும், மாடிப்படியில் இருக்கிற எல்லா வீட்டுக் கதவும் திறக்கும். அவிழ்த்துவிட்டால் அடுத்த நாள் விடியலில் நேதாஜி நகர். நடுவில் ரிங் ரோடு. முன்னால் போகிற பஸ்ஸை முந்திப் பயணியை ஏற்றுவதற்காகத் தனியார் பஸ்கள் பறக்கும் ரோடு. இந்திராணி போகும்போது ஒருநாள் டிவைடர் ஓரத்தில் செத்துக்கிடந்த ஒரு நாயைப் பார்த்தாள். அது கறுப்பு. கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் மேலே நடந்தாள்.

ராஜசேகரன் கெட்டவர் அல்ல. கோதுமைக்குத் தடுப்பூசி போடச் சைக்கிளில் வைத்துக் கூட்டிப்போனவர் அவர்தான். ஆனால் அலுத்துவிட்டார்.

“அது அங்கயே கெடந்துட்டுப் போவட்டும் இந்திராணி. அந்தக் குவார்ட்டர்ஸுக்குப் புதுசா வந்திருக்க நேகி வீட்ல தெனமும் ரொட்டி போடுதாவ. நாய்க்கு வேற என்ன வேணும்?”

“ரொட்டி போட்டாப் போதும்னா நீங்களும் போய் அங்கயே இருங்க.”

“அம்மா, அப்பாவுக்கு ரொட்டி பசந்தே இல்ல” என்றாள் சுஜாதா, புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல். பிடிக்காது என்பது அவள் வாயில் ஹிந்தியாகத்தான் வரும்.

ராஜசேகரன் சிரிக்கவில்லை. “அடுத்த வாரம் அக்கா வாரா. அவ வந்த பெறகும் நீ விடியக்காலம் நாய்க்குப் பின்னால ஓடுனா வீட்ல காப்பி போட ஆள் யாரு? அக்கா வாற வரைக்கும் நீ என்ன வேணும்னாலும் செஞ்சு பாரு. அன்னைக்கும் அது ரோட்டத் தாண்டிப் போச்சுன்னா அங்கயே விட்டுரணும். பேச்சு பேச்சா இருக்கணும்.”

“சரி” என்றாள் இந்திராணி. விட்டுக்கொடுத்த சரி இல்லை அது. ஒரு கெடு இருந்தால் வேலை நடக்கும் என்று நினைக்கிறவள் அவள்.

அதுவரை என்னென்னவோ செய்து பார்த்திருந்தாள். பழைய வீட்டு மிதியடியைக் கொண்டுவந்து பால்கனியில் போட்டாள். முருங்கைக் கிளை ஒன்றை வெட்டிவந்து தொட்டியில் நட்டாள். மத்தி மீன் தலை போட்டுச் சோறு வைத்தாள். கோதுமை சோற்றைத் தின்றது, மிதியடியில் தூங்கியது, விடிந்ததும் போனது.

மறுநாள் காலை நேதாஜி நகருக்குப் போனவள் நாயைக் கூப்பிடவில்லை. எதிர்ப்பக்கம் ஒரு மரத்துக்குப் பின்னால் மறைந்து நின்றாள். வீட்டுக்காகத்தான் வருகிறது என்றால் வீட்டைப் பார்க்கும் என்பது அவள் கணக்கு. கோதுமை வீட்டைப் பார்க்கவே இல்லை. கதவைப் பிறாண்டவில்லை, நேகி வீட்டம்மா போட்ட ரொட்டியைக்கூட முகர்ந்துவிட்டு அப்படியே விட்டது. கேட்டுக்கு வெளியே, ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. ஒரு ஆட்டோ வந்து நின்றது. கோதுமை எழுந்து வாலை ஆட்டியது. ப்ரீஃப்கேஸோடு யாரோ இறங்கினார். வால் நின்றது. மறுபடி உட்கார்ந்தது. அடுத்த ஆட்டோவுக்கும் அப்படியே.

இந்திராணிக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த கேட்டில் கோதுமைக்கு ஒரு வேலை இருந்தது.

டெல்லியில் வேலைபார்ப்பவர் வீடு என்றால் ஊரில் உள்ளவர்களுக்கு அது பாதி சத்திரம். ஹரித்வார் போகிறவர்கள், ஆக்ரா பார்க்கிறவர்கள், இன்டர்வியூவுக்கு வருகிறவர்கள் எல்லோரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து, காலையில் ஆட்டோவில் அந்த கேட்டில் இறங்குவார்கள். ஆளுக்கொரு சாக்கு. உள்ளே அரிசி, புளி, கருப்பட்டி, அடியில் பல சுற்று பிளாஸ்டிக் தாளுக்குள் கருவாடு. எத்தனை சுற்றினாலும் கோதுமையின் மூக்குக்கு எட்டிவிடும். வருகிறவர் யாரானாலும் சாக்கைப் பிரித்ததும் அதற்கு ஒரு நெத்திலி உண்டு. நாயைக் கண்டாலே ஆகாத நாத்தனார், ராஜசேகரனின் அக்கா சந்திரம்மாள்கூட ஒன்றைத் தூர வீசுவாள், கிட்டே வராமல் இருக்க.

புது வீட்டுக்கு வந்த பிறகு ஊரிலிருந்து ஒருவரும் வரவில்லை. கோதுமையைப் பொறுத்தவரை விருந்தாளி வரும் இடம் இன்னும் நேதாஜி நகர்தான்.

ஆக, சந்திரம்மாள் சாக்கோடு ஆர்.கே. புரத்து வாசலில் இறங்க வேண்டும். அதைக் கோதுமை கண்ணால் பார்க்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம். அதற்காக, மதினி வரும் காலையில் ஊளையிட்டாலும் பரவாயில்லை என்று நாயைக் குளியலறைக்குள் விட்டு வெளியே தாழ் போட்டாள். ராஜசேகரன் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். உப்புமா முடிந்து, சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. சுஜாதா பல் தேய்க்கக் குளியலறையைத் திறந்தாள். பால் வாங்கி வந்தபோது வாசல் கதவைச் சாத்த மறந்திருந்தவளும் அவள்தான்.

“அம்மா, கோதூ…” என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் படியில் நகம் கீறும் சத்தம் கீழே போய்விட்டது.

இந்திராணி கரண்டியோடு நின்றாள். ரயில் வந்து அரை மணி நேரமாவது ஆகியிருக்கும். நாத்தனார் வாசலில் வந்து நிற்கும்போது வீட்டில் தம்பி பெண்டாட்டி இல்லை என்றால் அந்தச் செய்தி தென்காசியில் பல தீபாவளிகளுக்கு ஓடும். அதிலும் நாய்க்குப் பின்னால் போயிருக்கிறாள் என்றால் கேட்கவே வேண்டாம். அவள் அடுப்பை அணைத்தாள். கயிற்றை எடுத்தாள்.

“அத்தை வந்தா நான் என்ன சொல்லட்டும்?”

“உப்புமா இருக்குன்னு சொல்லு.”

சிக்னலில் செய்தித்தாள்காரர் கையை நீட்டிவிட்டு, “ஆஜ் பால் பால் பச்சா” என்றார். மயிரிழையில் தப்பியதாம். இந்திராணி ரோட்டைத் தாண்டினாள். வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான் மனதில் ஓடியது. இன்றைக்கும் போய்விட்டது, கொடுத்த வாக்குப்படி இனிமேல் அது நேகி வீட்டு நாய். ஒரு நாளைக்கு இந்த ரோட்டில் கிடக்கப்போகிற நாய்.

நேதாஜி நகர் கேட்டுக்கு உள்ளே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தது. அதில், கையில் எவர்சில்வர் டம்ளரோடு சந்திரம்மாள் உட்கார்ந்திருந்தாள். காலடியில் சாக்கு. சாக்கின் மேல் தாடையை வைத்துக் கோதுமை படுத்திருந்தது. வாசற்படியில் நேகி வீட்டம்மா இன்னொரு டம்ளரோடு.

“வாளா, வா” என்றாள் சந்திரம்மாள். “வீட்ட மாத்துனா ஊருக்கு ஒரு வார்த்த சொல்ல மாட்டியளா?”

“ரெண்டு லெட்டர் போட்டாவளே மதினி.”

“வந்துச்சு, வந்துச்சு. படிக்கத்தான் செஞ்சேன். ஆட்டோக்காரன் எங்கன்னு கேட்டதும் வாயில நேதாஜி நகர்னு வந்துட்டு. டெல்லியில எனக்கு வேற எந்த எடம் தெரியும்?”

“ஒங்க தம்பி ஸ்டேஷன்ல நிக்காவளே.”

“நாக்பூர்ல ஒரு பிள்ளத்தாச்சிக்கு என் கீழ் பெர்த்த விட்டுக் குடுத்துட்டு வேற பெட்டிக்குப் போயிட்டேன். எறங்கிப் பாத்தா ஆளக் காணோம். அழுதுகிட்டா நிக்க முடியும்?” டீயை ஒரு வாய் குடித்தாள். “இங்க வந்து கதவத் தட்டுனா வேற மொகம். இவ ஹிந்தியில என்னமோ சொல்லுதா, நான் தமிழ்ல என்னமோ சொல்லுதேன். ஆட்டோக்காரனும் போயிட்டான். எந்தப் பக்கம் போவன்னு நிக்கேன், சரியா அந்த நேரம் பாத்து இது ஓடி வருது. இந்தப் பட்டணத்துல எனக்குத் தெரிஞ்ச மூஞ்சி இது ஒண்ணுதான். இத வச்சுத்தான் நீ எப்படியும் வருவேன்னு உக்காந்துட்டேன்.”

நேகி வீட்டம்மா இந்திராணியைப் பார்த்துச் சிரித்தாள். “ஆப்கி தீதி ஹைன் நா? மைன் சமஜ் கயீ. கோதூ நே பெஹ்சான் லியா.” உங்கள் அக்காதானே, கோதூ அடையாளம் கண்டுகொண்டதும் எனக்குப் புரிந்துவிட்டது என்றாள்.

இந்திராணிக்கு நன்றி சொல்லக்கூட நேரமில்லை. யோசித்துக்கொண்டிருந்தாள். மதினி இறங்கியது பழைய கேட்டில். இப்படியே விட்டால் கோதுமையின் நம்பிக்கை இன்னும் கெட்டியாகிவிடும். ஆனால் சாக்கு இன்னும் பிரிக்கவில்லை.

“மதினி, நெத்திலி ஏதும் போட்டியளா இதுக்கு?”

“இங்க வச்சு எப்படிப் பிரிக்க? சுத்த சைவமோ என்னவோ இவ.”

“நல்லது. பிரிக்காதிய.”

அவள் போய் ஒரு ஆட்டோ பிடித்து வந்தாள். முதலில் சாக்கைத் தூக்கி சீட்டின் நடுவில் வைத்தாள். கயிறு கட்டவில்லை. கோதுமை ஆட்டோவைச் சுற்றி வந்தது, கேட்டைப் பார்த்தது, சாக்கைப் பார்த்தது. பிறகு தாவி ஏறிவிட்டது.

சந்திரம்மாள் ஏறாமல் நின்றாள். “இது என் பக்கத்துலயா?”

“சாக்குக்குப் பக்கத்துல மதினி. நீங்க இந்தப் பக்கம்.”

டிரைவர் திரும்பிப் பார்த்து, “குத்தா பி?” என்றான்.

“ஆமாய்யா, நாயும்தான். ஓட்டு” என்றாள் சந்திரம்மாள். அவளுக்கு அந்த அளவுக்கு ஹிந்தி தெரிந்திருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ரிங் ரோடு தாண்டும்வரை நாயின் வாலைத் தன் மேல் படாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

ஆர்.கே. புரத்தில் ஆட்டோ நிற்கும்போது ராஜசேகரன் ஸ்டேஷனிலிருந்து வெறுங்கையோடு திரும்பி, வியர்த்துப்போய்ப் படிக்கட்டு வாசலில் நின்றிருந்தார். அக்காவைப் பார்த்ததும் உயிர் வந்தது. பக்கத்தில் நாயைப் பார்த்ததும் பழைய பேச்சும் வந்தது.

“இன்னைக்கும் போயிட்டுல்லா? சொன்ன சொல்லு என்ன ஆச்சு?”

இந்திராணி சாக்கை இறக்கி அவர் தோளில் ஏற்றினாள். “போச்சு. ஒங்க அக்காவும்தான் போனாவ. ரெண்டு பேரையும் அங்கயே விட்டுருவமா?”

ராஜசேகரன் அக்காவைப் பார்த்தார். சாக்கோடு படியேறினார். கோதுமை அவர் காலை ஒட்டியே ஏறியது. இரண்டாவது மாடி வாசலில், கதவுக்கு வெளியே, இந்திராணி சாக்கைப் பிரித்தாள். பிளாஸ்டிக் தாளை அவிழ்த்து ஒரு நெத்திலியை எடுத்து மதினியிடம் நீட்டினாள்.

“நீங்களே போடுங்க. கிட்டக்க.”

சந்திரம்மாள் இரண்டு விரலால் பிடித்துப் போட்டாள். இந்த முறை தூர வீச இடம் இல்லை; படிக்கட்டு சின்னது.

அவள் தங்கியிருந்த நாளெல்லாம் கோதுமை எங்கும் போகவில்லை. ஆனால் அது ஒன்றும் ஜெயித்ததாக ஆகாது என்று இந்திராணிக்குத் தெரியும். வந்த விருந்தாளி வீட்டுக்குள் இருக்கிறாள். அது ஏன் போகப்போகிறது? சந்திரம்மாளின் சட்டமும் மாறவில்லை. நாய் வாசற்படிக்கு வெளியேதான். ஊருக்குக் கிளம்பும் அன்று மட்டும், வழக்கமாக மடித்து எடுத்துப்போகும் காலிச் சாக்கை உதறி, கதவுக்கு வெளியே விரித்துப் போட்டாள்.

“மார்கழி குளிருக்குத் தரையில கெடந்தா கை காலு இழுத்துக்கிடும்” என்றாள், யாரையும் பார்க்காமல்.

அடுத்த நாள் விடியலில் இந்திராணி தானே கதவைத் திறந்தாள். கயிறு உள்ளே ஆணியில் தொங்கியது. கோதுமை சாக்கிலிருந்து எழுந்து, உடம்பை முறித்துக்கொண்டு, படியிறங்கிப் போனது.

ராஜசேகரன் பின்னால் வந்து நின்றார். “புடிக்கப் போவலையா?”

“இல்ல.”

இருவரும் பால்கனிக்குப் போனார்கள். கீழே கோதுமை படிக்கட்டு வாசலில் நின்று ரிங் ரோடு பக்கம் பார்த்தது. இந்திராணி கைப்பிடிக் கம்பியை இறுக்கிப் பிடித்தாள். நாய் நாலு அடி போனது. அப்போது பக்கத்து பிளாக்கில் ஒரு ஆட்டோ வந்து நின்றது. கோதுமை திரும்பியது, வாலை ஆட்டியது. பெட்டியோடு யாரோ இறங்கி உள்ளே போனார்கள். நாய் கொஞ்ச நேரம் அந்த ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்து, படிக்கட்டு வாசலில், ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தது.

இந்திராணி உள்ளே போய்க் காப்பிக்குப் பால் வைத்தாள். கொதிப்பதற்குள் ஒரு இன்லேண்ட் லெட்டரை எடுத்துத் தூத்துக்குடியில் இருக்கும் தன் தம்பி அழகர்சாமிக்கு எழுத ஆரம்பித்தாள். புது விலாசத்தை எல்லாவற்றுக்கும் மேலே பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடு போட்டாள். பொங்கல் லீவுக்குப் பிள்ளைகளோடு கட்டாயம் வர வேண்டும், ஆட்டோவைப் படிக்கட்டு வாசலிலேயே நிறுத்தச் சொல்ல வேண்டும், கருவாட்டை அடியில் வைக்காமல் மேலாக வைத்துக் கட்ட வேண்டும் என்று எழுதினாள். பால் பொங்கும் சத்தம் கேட்டு எழுந்து போய், திரும்பி வந்து, அடுத்த கடிதத்தை எடுத்தாள். அது அவள் சித்தி மகளுக்கு, மாசி மாதத்துக்கு வரச் சொல்லி.