வெள்ளிக்கிழமை கழுவாத தொட்டி

மூன்று வருஷம் ஆகிறது. மட்டாஞ்சேரியில், அரிசிக் கிடங்குகளின் முதுகுப்புறம் ஓடும் சந்தில் எங்கள் வீடு. மழை விட்டு, மதிலில் படிந்த பச்சை காயத் தொடங்கிய நாட்களில் இது நடந்தது.

வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் இடம். கடல் பொங்கி வேலியேற்றம் வரும் நாட்களில் காயல் நீர் மண்ணுக்கடியில் ஊர்ந்து வந்து அங்கே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். உப்பு மண். பதினோரு வருஷத்தில் நான் வைத்த கறிவேப்பிலை, வெண்டை, மல்லி எல்லாம் இரண்டாவது இலை விடுவதற்குள் மனசு மாறிச் செத்துப்போயின. ஐம்பதைத் தொடப்போகும் வயதில், என் கொல்லையில் என் கையால் ஒரு பிடி கீரை என்பது எனக்குப் பசி மாதிரி ஆகிவிட்டது.

மண் ஒத்துவராவிட்டால் மண்ணே வேண்டாம் என்று முடிவு செய்தேன். கீழே தொட்டியில் மீன். மீன் அழுக்காக்கிய நீர் மேலே செடிக்கு ஏறும். செடி அதைத் தின்றுவிட்டுத் தெளிந்த நீரை மீனுக்கே திருப்பித் தரும். அக்வாபோனிக்ஸ் என்று பெயர். கைபேசியில் அதைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

"மீன் நாத்தத்துக்கு மூக்கைப் பொத்திண்டு படகுல ஏறறவ நீ. அறுபது மீனுக்கு அம்மாவாகப் போறயாக்கும்?" என்றார் கணவர். எங்கள் வீட்டில் முட்டைகூடப் படியேறியதில்லை.

"வளர்க்கத்தானே போறேன், வறுக்கவா போறேன்?" என்றேன்.

புதிதாக எதையும் வாங்கக் கூடாது என்று ஒரு பிடிவாதம் எனக்கு. தமிழ்நாட்டில் காயலான் கடை என்பார்களே, இங்கே அது ஆக்ரிக் கடை. அங்கே இரும்புக் கூண்டுக்குள் உட்கார்ந்திருந்த ஆயிரம் லிட்டர் வெள்ளைத் தொட்டி ஒன்று கிடைத்தது. பேக்கரிக்குச் சர்க்கரைப்பாகு வந்த நீல டிரம்கள் இரண்டை நெடுக்காக அறுத்து நான்கு செடித்தொட்டிகள் செய்தேன். உயிர்விட்ட ஏர் கூலரிலிருந்து கழற்றிய மோட்டார் நீரைத் தூக்கியது. கல்லுக்குப் பதில், இடித்துக்கொண்டிருந்த ஒரு கிடங்கின் கூரை ஓடுகள். சுத்தியலோடு உட்கார்ந்து சில்லுச் சில்லாக உடைத்தேன். காலமெல்லாம் மழையை வெளியே நிறுத்திய ஓடு, இனி நீருக்குள்ளேயே கிடக்கட்டும்.

செடித்தொட்டி நிறைந்ததும் தானாக வடிய வேண்டும். அதற்கு ஒரு சோடா பாட்டிலைக் குழாயின்மேல் கவிழ்த்து வைக்கும் உபாயம் உண்டு. ஒன்பது தடவை தோற்றேன். பத்தாவது தடவை, விளிம்புக்குப் பக்கம் ஏறிய நீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு கடகடவென்று சிரித்துக்கொண்டு கீழே குதித்தது. நனைந்த புடவையோடு நின்று நானும் சிரித்தேன். பெற்ற பிள்ளை முதலடி வைத்தபோதுகூட இவ்வளவு கர்வப்பட்டேனா, தெரியவில்லை.

களமசேரிப் பக்கத்துப் பண்ணை ஒன்றிலிருந்து அறுபது திலாப்பியாக் குஞ்சுகளைப் பையோடு மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். குழாய் நீரில் கிருமி கொல்லும் மருந்து இருக்குமே என்று, இரண்டு நாள் திறந்து வைத்து ஆறவிட்ட நீரைத்தான் தொட்டியில் ஊற்றினேன். மூன்றாம் வாரம் சிவப்புக் கீரை இரண்டிலை விட்டது.

வெள்ளிக்கிழமை வந்தது.

எங்கள் வீடுகளில் வெள்ளிக்கிழமை என்றால் கழுவுவது என்று அர்த்தம். தரை, நிலைப்படி, விளக்கு, சாமி படம், கடைசியில் தலைக்குக் குளித்து நம்மையும். அன்று கொல்லைக்குப் போனால், ஓட்டுச் சில்லுகளின்மேல் பழுப்பாய் ஒரு வழுவழுப்பு. உடம்பு கூசியது. நாற்றுகளைத் தட்டில் ஒதுக்கிவிட்டு, சில்லுகளைச் சாக்கில் அள்ளி, குழாயடியில் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து அலசினேன். செங்கல் நிறம் பளிச்சென்று வந்தது. திருப்தியாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு மீன் மிதந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் அழுத்தித் தேய்த்தேன். ஐந்து போயிற்று. மூன்றாவது வெள்ளிக்கிழமை குழாய்களையும் கழற்றி உள்ளே துணி விட்டு இழுத்தேன். பதினைந்து. ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் எடுத்து, மதிலோரம் குழி தோண்டிப் புதைத்தேன். கொல்லக் கூடாது என்று வளர்ந்த வீட்டில் இருபத்திரண்டு உயிர். மிச்சம் முப்பத்தெட்டும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. இதுவும் போனால் தொட்டியை ஆக்ரிக் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுவது என்று கணவரிடம் சொல்லியிருந்தேன். அவர் கிண்டல் செய்வதை நிறுத்திவிட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

நாலாவது வெள்ளிக்கிழமை, சாக்கை விரித்தபோது மதிலுக்கு மேல் ஒரு தலை. பக்கத்து வீட்டுக்காரி. என்னைவிடப் பத்து வயது சின்னவள், ஆட்டோ ஓட்டுகிறாள். அவள் அப்பா நகரசபையில் சாக்கடை அள்ளும் வேலைக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கேயே தங்கியவர்.

"எந்தா மாமி, மீனுக்கு வாராவாரம் எண்ணெய்க் குளியலா?"

"அழுக்கு சேர்றது. அதான் சாகறதுகள்."

"அழுக்கு போனதாலதான் சாகுது." அவள் சிரிக்கவில்லை. "அந்த வழுவழுப்புல உயிரு உண்டு மாமி, கண்ணுக்குத் தெரியாது. மீன் விடுற விஷத்தைச் செடிக்குச் சோறாக்குறது அதுகதான். நீங்க தேய்ச்சுத் தேய்ச்சு அதுகளைக் கொல்றீங்க. போதாததுக்கு மருந்து கலந்த பைப்பு வெள்ளம் வேற."

"உனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கு ஆத்யம் வளர்த்தப்ப நாப்பது போச்சு. பின்னே படிச்சேன்." தன் வீட்டுப் பின்புறம் பழைய ஃபிரிட்ஜ் ஒன்றைப் படுக்கப்போட்டு அவள் மீன் வளர்ப்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

போனாள். ஒரு பக்கெட்டோடு வந்தாள். அவளுடைய தொட்டியிலிருந்து அள்ளிய கற்கள். கறுத்து, கொழகொழவென்று, வாடையோடு. மதிலுக்கு மேல் நீட்டினாள். தலைக்குக் குளித்த ஈரம் முதுகில் சொட்ட, நான் நின்றேன். என் கை எழவில்லை.

"சோப்பு போட்டுக் கழுவித் தரட்டா மாமி?" என்றாள், முகத்தை மாற்றாமல்.

பதினோரு வருஷமாய் மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்திருக்கிறோம். நோன்பு, பண்டிகை என்று என்ன வந்தாலும் அந்த வீட்டிலிருந்து நான் ஒன்றையும் கைநீட்டி வாங்கியதில்லை. மீன் சமைக்கிற வீடு என்று எனக்கு நானே காரணம் சொல்லி வைத்திருந்தேன். அது மட்டும்தான் காரணமா என்று அந்த மதிலடியில் நின்றபோது எனக்கே சந்தேகம் வந்தது. முப்பத்தெட்டு வாய்கள் பின்னால் திறந்து மூடிக்கொண்டிருந்தன. இரண்டு கையாலும் வாங்கினேன். கற்களை நானே அள்ளி, பளபளத்த சில்லுகளுக்கு நடுவே பரப்பினேன். நகக்கண்ணெல்லாம் கறுப்பு.

அவள் சொன்னபடி பாதி நீரை மாற்றி, ஆறவைத்த நீர் விட்டேன். தீனியை நிறுத்தினேன். பிறகு செய்ய ஒன்றும் இல்லை. ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்குத் தெரியாத வேலை. கை துறுதுறுத்தால் வீட்டுக்குள் போய்ப் பித்தளையைத் தேய்த்தேன். ஐந்தாம் நாள் காலை மீன்கள் மேலே இல்லை. தொட்டிக்குள் குனிந்தேன். கீழே, நிழலுக்குள், கூட்டமாய்த் திரும்பித் திரும்பி நீந்திக்கொண்டிருந்தன. முப்பத்தெட்டும். மதிலைத் தட்டி அவளைக் கூப்பிட்டேன். என் வீட்டுக் கொல்லைக்குள் அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

மாதம் தாண்டியதும் முதல் கீரை. ரத்தச் சிவப்பு. தேங்காய் போட்டுத் தோரன் வைத்தேன். கணவர் தட்டிலிருந்ததை விரலால் புரட்டிப் பார்த்தார்.

"இது சைவமா, அசைவமா?"

"சாணி போட்டு வளர்ந்த கத்திரிக்காயை இப்படிக் கேட்டேளா?"

இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இன்று எட்டுத் தொட்டிகள் வைத்திருக்கிறேன். தக்காளி, புதினா, கொடியில் பயறு. வளர்ந்த மீன்களை மதிலுக்கு அந்தப் பக்கம் கொடுத்துவிடுவேன். என்ன ஆகிறது என்று கேட்பதில்லை. சந்தில் இன்னும் நாலு வீட்டில் நீல டிரம் அறுத்திருக்கிறார்கள். தொடங்குகிறவர்களுக்கு என் தொட்டிக் கற்களை, அந்தக் கறுப்போடு, தூக்குப் பாத்திரத்தில் நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நான் கட்டியது, நான் கெடுத்தது, மறுபடி பிழைக்க வைத்தது என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே இல்லை. ஆனாலும் எதையாவது அழுக்கென்று தேய்க்கக் கை எழும்போதெல்லாம், அங்கே யாராவது குடியிருக்கிறார்களா என்று ஒரு நொடி பார்த்துவிட்டுத்தான் தொடுகிறேன்.