உறை போட்ட கசப்பு

என் சமையலறை அலமாரியில், மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில், வெளிர்பச்சைப் பொடி நிறைந்த சிறு கண்ணாடிப் புட்டி ஒன்று இருக்கிறது. முகர்ந்தால் வாசனை இல்லை. நாக்கில் வைத்தால் ருசியும் இல்லை. அப்படி ஒன்றுமே தெரியாமல் இருப்பதற்காகத்தான் மெல்போர்னின் டான்டினோங் பகுதியில் ஓர் உணவு ஆய்வுக்கூடத்தில், நான் அன்ரி என்று கூப்பிட்ட மூத்த பெண்மணியும் நானும் வருஷக்கணக்கில் மாரடித்தோம்.

தயிரில் வல்லாரைச் சாறு இருக்க வேண்டும், ஆனால் கசக்கக் கூடாது. எங்களுக்கு இட்ட வேலை அவ்வளவுதான். சாற்றை நுண்துளிகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கொழுப்பு உறை போட்டுப் பொடியாக்குவோம். உறை வாயில் உடையாமல் வயிற்றுக்குப் போய்த்தான் கரைய வேண்டும். அன்ரிதான் குழுத் தலைவி. யாழ்ப்பாணத்துக்காரர், பக்கத்து நோபல் பார்க்கில் வீடு. ஒரு கரண்டித் தயிரை என்னிடம் நீட்டி, "கைக்குதோ?" என்பார். "ஆமா அன்ரி, கசக்குது" என்று நான் சொன்னால் அந்தப் பொடி குப்பைக்குப் போகும். ஒருநாள் இல்லை என்றேன். அன்று எல்லோருக்கும் கேக் வாங்கித் தந்தார்.

அவருடைய கணவருக்கு அப்போது மறதி நோய் முற்றியிருந்தது. அன்ரியையே அடையாளம் தெரியவில்லை, பேச்சும் நின்றுவிட்டது. வல்லாரைச் சம்பலைக் கண்டாலே, "மாட்டுக்குப் போடுறதை எனக்குத் தாறியோ?" என்று சண்டைக்கு நின்ற மனிதர், எங்கள் பொடி கலந்த தயிரைத் தினமும் பேசாமல் சாப்பிட்டார். இதைவிட நல்ல சான்றிதழ் வேண்டுமா என்று நான் கேலி செய்ததுண்டு.

ஒரு மதியம், சாப்பாட்டு மேசையில் அன்ரி சொன்னார்: "நேற்று உறை போடாத சாறைக் கலந்து குடுத்தனான். ஒரே கைப்பு. ஒருக்கா முகத்தைச் சுளிச்சு, மாட்டுக்குப் போடுறதோ எண்டு கேப்பார் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"அங்கிள் என்ன சொன்னாரு?"

"முழுக்கச் சாப்பிட்டார். இன்னும் தா எண்டுற மாதிரி வாயைத் திறந்தவர்."

கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினார். நான் பார்க்காத அந்தத் திறந்த வாய் இன்றும் என்னை விடவில்லை.

இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தத் தயிர் கடைகளில் கிடைக்கிறது. என் மகள் விரும்பிச் சாப்பிடுகிறாள். எப்போதாவது புட்டியைத் திறந்து ஒரு சிட்டிகையை வாயில் போட்டு, விழுங்காமல் பற்களுக்கிடையே வைத்து நெடுநேரம் அரைக்கிறேன். உறை உடைந்து, கசப்பு தொண்டை வரை இறங்குகிறது. கைக்குதோ என்று அன்ரி கேட்பது தெளிவாகக் காதில் விழுகிறது.

"ஆமா அன்ரி, கசக்குது" என்று வாய்விட்டே சொல்கிறேன். அவர் கேட்க ஏங்கியது அதைத்தான். ஆனால் என் வாயிலிருந்து அல்ல.